இன்டீரியருக்கு 9 லட்சம்: கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி நான் பண்ணின தப்பு

போன மாசம் நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி 14 பக்க பிடிஎஃப் ஒண்ணு மெயில் பண்ணியிருந்தார். பக்கத்துக்கு ஒரு 3டி படம். ஹால்ல மரக்கலர் பட்டி வச்ச பேனல், அதுக்குப் பின்னாடி மறைஞ்சு எரியுற லைட், கிச்சன்ல சாம்பல் நிற கபோர்டு, பெட்ரூம்ல மெத்தை மாதிரி உப்பின சுவர். படத்துல சூரிய வெளிச்சம் கூட சரியான கோணத்துல விழுது. கடைசிப் பக்கத்துல மொத்தம் ₹11,20,000, ஜிஎஸ்டி தனி. அதாவது 18% சேர்த்தா ₹13,21,600.

மெயில்ல ஒரே கேள்வி: "சார், இதுக்கு பெர்சனல் லோன் போடலாமா, ஹோம் லோன் டாப்-அப் போடலாமா?"

கையில வர்ற சம்பளம் 85,000. ஹோம் லோன் ஈஎம்ஐ 36,000. கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் 52 நாள். எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கான்னு பதில் போட்டுக் கேட்டேன். "இருக்கு சார், அதைத்தான் அட்வான்ஸுக்கு எடுக்கலாம்னு இருக்கேன்"னு எழுதியிருந்தார். அதைப் படிச்சதும் லேப்டாப்பை மூடிட்டு நேரா போன் போட்டுட்டேன். ஏன்னா 2019-ல இதே வேலையை நானே பண்ணியிருக்கேன். அப்பவே நான் சிஏ முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. கணக்கு தெரியாம பண்ணேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தக் கதையை வீடியோவுல சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். அதான் எழுதுறேன்.

என்னோட கொட்டேஷன்

ஓஎம்ஆர் பக்கத்துல 2 பிஹெச்கே. விலை 50 லட்சம், கார்பெட் ஏரியா 625 சதுர அடி. 40 லட்சம் லோன், ஈஎம்ஐ 34,700 சொச்சம். ஜூலையில சாவி கொடுத்தாங்க. ஆவணியில நல்ல நாள் குறிச்சாச்சு. சொந்தக்காரங்க வர்றப்ப வெறும் சுவரைக் காட்ட முடியுமா? அப்போ எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

கொட்டேஷன் இப்படி இருந்துச்சு. மாடுலர் கிச்சன் 2,40,000. லாஃப்டோட ரெண்டு வார்ட்ரோப் 1,65,000. பேனலோட டிவி யூனிட் 95,000. ஃபால்ஸ் சீலிங் 60,000, அதுக்கான லைட்டும் வயரிங்கும் 45,000. கண்ணாடி டம்ளர் அடுக்குற கிராக்கரி யூனிட் 55,000. வாசல்ல ஷூ ரேக்கும் ஒரு தடுப்பும் 40,000. ஒரு சுவருக்கு டெக்ஸ்சர், ஒரு சுவருக்கு வால்பேப்பர், ரெண்டும் சேர்த்து 30,000. பூஜை யூனிட் 30,000. கூட்டினா 7,60,000. ஜிஎஸ்டியோட ₹8,96,800.

3 லட்சம் கையிலிருந்து கொடுத்தேன். அதுதான் எமர்ஜென்சி ஃபண்ட். மீதி 6 லட்சம் பெர்சனல் லோன், 13%, அஞ்சு வருஷம், மாசம் ₹13,652.

கிரகப்பிரவேசம் அமோகமா நடந்துச்சு. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. எங்க சித்தப்பா டிவி யூனிட்டைத் தட்டிப் பார்த்துட்டு "மரமா இது?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வியோட அர்த்தம் எனக்கு அன்னைக்குப் புரியல.

டிசம்பர்ல நல்ல மழை. ஒருநாள் என் மனைவி வார்ட்ரோப்பைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்து முகர்ந்து பார்த்துட்டு "ஏங்க, இங்க ஏதோ வாடை அடிக்குது"ன்னு சொன்னா. துணியை எல்லாம் எடுத்துப் பார்த்தா, பின்பக்கப் பலகை உப்பிப் போய் கறுப்பா பூஞ்சை பிடிச்சிருக்கு. வெளிச்சுவர்ல ஓதம். புதுக் கட்டடம், முதல் மழை. சுவர் ஓதம் காட்டுறதுக்கு முன்னாடியே அதை 18 மில்லிமீட்டர் பலகை வச்சு மூடியிருந்தோம். பில்டர்கிட்ட போனா, "வார்ட்ரோப்பைக் கழட்டிக் கொடுங்க சார், பார்க்கிறோம்"னு சொன்னாங்க. கழட்டினா திரும்ப மாட்டுறதுக்கு யார் காசு?

அந்தப் பஞ்சாயத்து முடியுறதுக்குள்ள ஜனவரி. ஊர்ல இருந்து அப்பாவைக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரெண்டு ஸ்டென்ட். மொத்த பில் 2,80,000. என் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல பெத்தவங்களைச் சேர்க்கிற வசதி இருந்தும், பிரீமியம் அதிகமா இருக்கேன்னு அந்த வருஷம் சேர்க்காம விட்டிருந்தேன். ஏன் அதிகமா தெரிஞ்சுதுன்னா, புது ஈஎம்ஐ ஓடிக்கிட்டு இருந்துச்சு. என் மனைவியோட வளையல்கள் நகைக்கடனுக்குப் போச்சு. அவ ஒரு வார்த்தை பேசல. பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்து ஹால்ல படுத்திருந்த அப்பா, மேல பார்த்துட்டுக் கேட்டார்: "இந்த லைட்டு எதுக்குடா? வெளிச்சமும் வரல, பட்டப்பகல்ல எரியவும் செய்யுது." அவருக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்ல. என் எமர்ஜென்சி ஃபண்ட் அந்த சீலிங்லதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

இது பேச்சுக்குச் சொல்றது இல்ல. அந்தக் கொட்டேஷனை இப்போ எடுத்துப் பிரிச்சுப் பார்த்தா, தினமும் கை படுறது கிச்சன், வார்ட்ரோப், பூஜை யூனிட். மூணும் சேர்ந்து 4,35,000. மீதி 3,25,000 வர்றவங்க பார்க்கிறதுக்கு. நான் கரைச்ச எமர்ஜென்சி ஃபண்ட் 3 லட்சம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான்.

இன்னொண்ணு. ரெண்டு மாசத்துல லாக்டவுன். ரெண்டு பேருக்கும் வீட்டிலிருந்து வேலை. 9 லட்சம் போட்ட வீட்டுல உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு மேஜை இல்ல. டம்ளர் அடுக்க மட்டும் கண்ணாடி போட்ட அலமாரி இருந்துச்சு.

லோன் கேள்விக்கு வருவோம்

டாப்-அப்பா, பெர்சனல் லோனா? எல்லாரும் வட்டி விகிதத்தை மட்டும் பார்க்கிறாங்க. அதே 6 லட்சத்தை எடுத்துக்குவோம். 13%-ல அஞ்சு வருஷ பெர்சனல் லோன்னா மொத்த வட்டி சுமார் 2,19,000. 9%-ல டாப்-அப், ஆனா ஹோம் லோனோட சேர்ந்து 20 வருஷம் ஓடுதுன்னா ஈஎம்ஐ வெறும் 5,398. மொத்த வட்டி 6,95,000-க்கு மேல. குறைஞ்ச வட்டி லோன்ல மூணு மடங்கு வட்டி! அதே டாப்-அப்பை அஞ்சு வருஷத்துல முடிச்சா ஈஎம்ஐ 12,455, வட்டி 1,47,000 சொச்சம்.

அதனால கடன் வாங்கியே தீரணும்னா டாப்-அப் வாங்குங்க, காலத்தை அஞ்சு வருஷத்துக்கு மேல இழுக்காதீங்க. லேமினேட் பத்து வருஷத்துல மங்கிடும், அதுக்கான கடன் அதைத் தாண்டி ஓடுறது அசிங்கம். உங்க பேங்க்ல டாப்-அப்புக்குத் தனி காலம் வச்சுக்கலாமான்னு கேளுங்க. முடியலைன்னா அஞ்சு வருஷக் கணக்குப்படி மாசாமாசம் கூடுதலா கட்டிட்டு வாங்க. ஃப்ளோட்டிங் வட்டியில இருக்கிற தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைச்சா அபராதம் கிடையாது.

"நோ காஸ்ட் ஈஎம்ஐ" பத்தி ரெண்டே வரி. 0% வட்டின்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு ரிசர்வ் பேங்க் 2013-லயே சொல்லிடுச்சு. வட்டியை விலைக்குள்ள வச்சிருப்பாங்க, இல்ல உங்களுக்கு வரவேண்டிய டிஸ்கவுன்ட்டை அதுல கழிச்சிருப்பாங்க. கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீயும் தனி.

அப்புறம் "இன்டீரியர் லோன் எடுத்தா டேக்ஸ் மிச்சம்"னு விற்பனைக்கு வர்றவங்க சொல்ற கதை. புதிய வரி முறையில இருக்கிற சம்பளக்காரருக்குத் தான் குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்கே கழிவு இல்ல. பழைய முறையில இருந்தாலும், ரிப்பேர், புதுப்பிப்புக்கு வாங்கின கடன் வட்டிக்கு வருஷத்துக்கு 30,000 தான் உச்சவரம்பு, அதுவும் அந்த மொத்த 2 லட்சத்துக்குள்ள அடக்கம். சோபா, கட்டில், டிவி வாங்குறது ரிப்பேர் கணக்குல வராது. குடியேறின பிறகு பண்ற புதுப்பிப்பு வேலைக்கான அசலை 80சி-யில காட்டவும் முடியாது. வரி மிச்சம்னு நினைச்சு இதுல இறங்காதீங்க.

சதுர அடியில ஒளிஞ்சிருக்கிற விலை

இன்டீரியர் கொட்டேஷன்ல நீங்க பார்க்காத பெரிய செலவு ஒண்ணு இருக்கு. அது கொட்டேஷன்லயே இருக்காது.

என் வீடு 50 லட்சம், 625 சதுர அடி. அப்போ உள்ளே கால் வைக்கிற ஒவ்வொரு சதுர அடிக்கும் நான் கொடுத்தது 8,000 ரூபாய். அந்த 95,000 ரூபாய் டிவி யூனிட் தரையில பிடிக்கிற இடம் 9 சதுர அடி: 72,000. நாங்க வாங்கின எல் ஷேப் சோபா, முன்னாடி இருக்கிற கால் நீட்டுற இடத்தை விட்டுட்டே, 35 சதுர அடி. சோபா விலை 60,000. அது உட்கார்ந்திருக்கிற இடத்தோட விலை 2,80,000. அந்த இடத்துக்கு நான் இன்னும் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன். நாங்களோ கீழே பாய் விரிச்சு சோபாவுல சாஞ்சுக்கிட்டுதான் டிவி பார்க்கிறோம்.

பத்திரிகையில, இன்ஸ்டாவுல "மினிமலிஸ்ட்", "ஜப்பாண்டி"ன்னு வர்ற வீடுகள் ஏன் அழகா தெரியுதுன்னு கவனிச்சுப் பாருங்க. அதுல பாதி அழகு காலி இடம். அந்தக் காலி இடத்தை நீங்க ஏற்கெனவே பில்டர்கிட்ட வாங்கிட்டீங்க. அதை மூடுறதுக்குத்தான் இன்னும் 11 லட்சம் கேட்கிறாங்க.

ஃபால்ஸ் சீலிங்கும் அப்படித்தான். நம்ம ஃபிளாட்டுகள்ல தரைக்கும் கூரைக்கும் நடுவுல ஒன்பதரை அடி கிடைச்சாலே பெரிய விஷயம். அதுல அரை அடியைக் குறைச்சுட்டு, ஃபேன் ராடையும் குட்டையாக்கிட்டு, சித்திரை வெயில்ல காத்து வரலைன்னு ஏசியைக் கூட்டி வைக்கிறோம். மேல பைப் ஓடுற பாத்ரூம், பீம் துருத்திக்கிட்டு நிக்கிற இடம், இங்கெல்லாம் சீலிங் நியாயம். ஹால் முழுக்க எதுக்கு?

காசு குறைவா, கண்ணுக்கு அழகா

ஸ்டைலே வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல நான். எஸ்ஐபி கணக்கைப் போட்டு "இந்தக் காசு 20 வருஷத்துல இவ்வளவு ஆகியிருக்கும்"னு பயமுறுத்தவும் போறதில்ல. வீடு வாழறதுக்குத்தான். ஆனா ஒரு வீட்டை அழகாக்குற விஷயங்கள்ல விலை குறைஞ்சதுதான் முதல்ல வேலை செய்யும்னு நான் தாமதமா கத்துக்கிட்டேன்.

முதல்ல பல்பு. பல்பு அட்டையில 6500கே-ன்னு போட்டிருந்தா அது நீலம் கலந்த வெள்ளை, மெடிக்கல் ஷாப் வெளிச்சம். 2700கே, 3000கே-ன்னா மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். 4000கே நடுவுல. ஹால்லயும் பெட்ரூம்லயும் 3000கே, சமையல் மேடைக்கும் படிக்கிற இடத்துக்கும் 4000கே. கூரையில ஒரே டியூப்லைட்டுக்குப் பதிலா மூலைக்கு ஒரு விளக்கு. இதுக்கு ஆகிற செலவு நாலைஞ்சாயிரம். என் 45,000 ரூபாய் லைட்டிங் கொடுக்காத அழகை இது கொடுத்துச்சு.

அடுத்தது துணி. வெளிநாட்டுக் கடைகளுக்குத் திரையும் மேஜைவிரிப்பும் ஏற்றுமதி பண்ற கரூர் நம்ம ஊர்தான். பவானி ஜமுக்காளத்தை ஹால்ல விரிச்சுப் பாருங்க. அந்தக் கோடுகளுக்கு எந்த வால்பேப்பரும் ஈடாகாது. கோரைப்புல்லுல நெய்யற பத்தமடைப் பாயைச் சுவர்ல மாட்டியிருக்கிற வீடு ஒண்ணு பார்த்தேன், கண்ணை எடுக்க முடியல. மர மேஜை, பெஞ்சு வேணும்னா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைகள் இருக்கு. நிதானமா தேடினா, பழைய வீடுகள்ல இருந்து வந்த தேக்கு சாமான் கிடைக்கும். பேரம் பேசத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, நான் தனியாப் போய் ஏமாந்திருக்கேன். நல்ல தேக்கை இழைச்சு பாலிஷ் போட்டா திரும்பப் புதுசாகும். பார்ட்டிகிள் போர்டுக்கு அந்த மறுபிறவி கிடையாது. ஒருதடவை தண்ணி பட்டா உப்பும், அவ்வளவுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல தரைத்தளத்துல குடியிருந்தவங்களைக் கேளுங்க.

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் பொருந்தும். வாசல் வழியா உங்களோட வெளியே வர்ற பொருளுக்கு மட்டும் செலவு பண்ணுங்க. விளக்கு, திரை, ஜமுக்காளம், கழட்டி மாட்டுற புத்தக அலமாரி. சுவர்ல ஒட்டினது வீட்டு ஓனருக்குத்தான்.

எதை முன்னாடி, எதைப் பின்னாடி

குடிபோறதுக்கு முன்னாடி முடிச்சே ஆகவேண்டிய வேலைகள் உண்டு. தூசி கிளப்புற, சுவர் உடைக்கிற வேலை எல்லாமே அதுல வரும். கரன்ட் பாயின்ட், தண்ணி பைப், பெயின்ட், கொசுவலை, சமையலறை. கரன்ட் பாயின்ட்டைப் பத்தி ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்குங்க: கிரைண்டர் எங்க வைப்போம், இஸ்திரி எங்க போடுவோம், லேப்டாப் எங்க, வாஷிங் மெஷின் எங்க. பின்னாடி சேர்த்தா சுவரைக் கொத்தணும்.

சமையல் மேடை உயரத்தை டிசைனர் முடிவு பண்ண விடாதீங்க. வழக்கமா 34 இஞ்ச்சுன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. வீட்டுல அதிகமா சமைக்கிறவர் நின்னு, முழங்கையை மடக்கி, அதுக்கு நாலு விரல்கடை கீழே மேடை வருதான்னு பாருங்க. எங்க வீட்டுல இதைப் பார்க்கல. உயரமா இருக்கிற நான் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இடுப்பு வலி. சரி, அது வேற கதை.

வார்ட்ரோப் ஒரே ஒரு ரூமுக்கு, அதுவும் வெளிச்சுவர் இல்லாத உள் சுவர்ல. மத்த எல்லாமே ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துட்டுத்தான். ஓதம் எங்க வருதுன்னு சுவர் காட்டட்டும். ரெராவுல பதிவான புராஜெக்ட்னா, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத் தரத்துலயோ குறை தெரிஞ்சு நீங்க சொன்னா, பில்டர் 30 நாளுக்குள்ள இலவசமா சரி பண்ணணும்னு சட்டம் இருக்கு. சுவரை மூடாம வச்சிருந்தா போட்டோ எடுத்து மெயில் போடலாம். மூடிட்டா என் கதைதான்.

ஒரு வருஷம் குடியிருந்தா வீடு தானா சொல்லும், செருப்பு எங்க குவியுது, சாவி எங்க தொங்குது, காலை வெயில் எந்த மூலையில விழுது, சாப்பிட எங்க உட்கார்றோம்னு. 3டி படத்துல இது எதுவும் தெரியாது, ஏன்னா அந்தப் படத்துல ஆளே இருக்க மாட்டாங்க.

கொட்டேஷனைப் படிக்கிற விதம்

"வார்ட்ரோப் சதுர அடிக்கு 1,400"ன்னு போட்டிருக்கும். 7 அடி அகலம், 7 அடி உயரம்னா 49 சதுர அடி, 68,600. இந்த சதுர அடி எதுன்னு கேளுங்க. முன்பக்க அளவா? உள்ளே தட்டு எத்தனை, டிராயர் எத்தனை, அது இந்த விலையில சேர்த்தியா? லாஃப்ட் தனியா? "டிராயர் எக்ஸ்ட்ரா சார்"னு வேலை பாதியில வந்து நிப்பாங்க, அப்போ உங்களால மறுக்க முடியாது.

"வாட்டர்ப்ரூஃப் பிளை"ன்னு எழுதியிருந்தா ஏத்துக்காதீங்க, அது விளம்பர வார்த்தை. ஐஎஸ் 710-னு எழுதச் சொல்லுங்க. அதுதான் மரைன் பிளைவுட், சிங்க் இருக்கிற பக்கத்துக்கு அது வேணும். ஐஎஸ் 303-ல ரெண்டு தரம் உண்டு: ஈரப்பதம் ஓரளவு தாங்குற எம்ஆர், அதைவிட நல்லா தாங்குற பிடபிள்யூஆர். பெட்ரூம் வார்ட்ரோப்புக்கு பிடபிள்யூஆர் போதும், அங்கேயும் 710 விக்கப் பார்ப்பாங்க. ஷீட் வந்து இறங்கினதும் அதுல ஐஎஸ்ஐ முத்திரையும் சிஎம்/எல் நம்பரும் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த நம்பரைப் போட்டா யார் லைசென்ஸ்னு காட்டும். ரெண்டு நிமிஷ வேலை. அதே மாதிரி லேமினேட் 1 மில்லிமீட்டரா 0.8-ஆ, கீல் எந்த கம்பெனி எந்த மாடல், எல்லாம் எழுத்துல இருக்கணும். "பிராண்டட் ஹார்டுவேர்"னு மட்டும் இருந்தா அது ஒண்ணும் எழுதாததுக்குச் சமம். எங்க சித்தப்பா "மரமா இது?"ன்னு கேட்டாரே, அது பார்ட்டிகிள் போர்டு. கொட்டேஷன்ல "என்ஜினியர்டு வுட்"னு இருந்துச்சு. நான்தான் கேட்கல.

பணம் கொடுக்கிறதுல ஒரே விஷயம்: கடைசி 10 சதவீதத்தை வேலை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் கொடுப்பேன்னு முதல்லயே எழுதி வாங்குங்க. கதவு தொங்குறதும் டிராயர் இழுக்காததும் அந்த ஒரு மாசத்துலதான் தெரியும்.

"பில் வேணாம்னா 18% மிச்சம் சார்"னு சொல்வாங்க. எனக்கும் சொன்னாங்க. நான் பில் வாங்கினேன், அந்த ஒண்ணை மட்டும் சரியா பண்ணியிருக்கேன். பில்லும் ஒப்பந்தமும் கையில இருந்தாத்தான் வேலை சரியில்லைன்னு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல தைரியமா நிக்க முடியும். 5 லட்சம் வரை கட்டின விஷயத்துக்குப் புகார் கட்டணமே கிடையாது, ஆன்லைன்லயும் கொடுக்கலாம். அதுக்கு முன்னாடி 1915-க்கு போன் பண்ணிப் பாருங்க, சிலசமயம் அதுலயே முடிஞ்சுடும். வீட்டை விக்கும்போதும் பில் உதவும். வீட்டோட நிரந்தரமா சேர்ந்த மேம்பாட்டு வேலையை மூலதன ஆதாயக் கணக்குல செலவாக் காட்ட வழி இருக்கு. சோபா, கட்டில் மாதிரி நகர்த்துற சாமானுக்கு அது கிடையாது.

எல்லாம் முடிஞ்சா வீட்டுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டுடுங்க. பாரத் கிருஹ ரக்ஷான்னு எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கொடுக்கிற பாலிசி 2021 ஏப்ரல்ல இருந்து இருக்கு. கட்டடத்துக்கு எடுத்தா, அந்தத் தொகையில 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டு சாமானுக்கும் தானா கவர் வரும்.

அந்தத் தம்பி என்ன பண்ணார்

போன்ல முக்கால் மணி நேரம் பேசினோம். முதல் பத்து நிமிஷம் அவருக்கு என் மேல கோபம். "என் தங்கச்சி வீட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க சார், உங்களுக்கு என்ன தெரியும்"னு கேட்டார். எனக்கு அதுதான் நல்லா தெரியும்னு சொல்லி மேல சொன்ன கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

அடுத்த வாரம் திருத்தின கொட்டேஷன் வந்துச்சு. கிச்சன், ஒரு வார்ட்ரோப், வயரிங், பெயின்ட். ஜிஎஸ்டி சேர்த்து 4,60,000. அதுல 2 லட்சம் போனஸும் ஆர்டி பணமும், மீதி டாப்-அப், நாலு வருஷம். எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்கல. அம்மாவை ஆபீஸ் பாலிசியில சேர்த்தாச்சு.

கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிட்டார், போயிருந்தேன். ஹால் முழுக்கப் பாய் விரிச்சு அறுபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டாங்க. சோபா இருந்திருந்தா இருபது பேருக்கு மேல இடம் பத்தியிருக்காது. டிவி அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே இருந்துச்சு, மேல ஒரு பவானி ஜமுக்காளத்தைப் போட்டு மூடியிருந்தாங்க. அவங்க தங்கச்சி மாமியார் அதைப் பார்த்துட்டு, இந்த ஸ்டாண்ட் எந்தக் கடையில வாங்கினதுன்னு கேட்டாங்க.